பாமினியில் கிடக்கும் பழைய மனுக்களை யூனிகோடுக்கு மாத்துறது எப்படி?

நதியுண்ணி:
அண்ணாச்சிமார், பாசன சங்கத்து மனு, தீர்மானம் எல்லாம் வேர்ட் கோப்பா கிடக்கு, அத்தனையும் பாமினி எழுத்துரு. ஆன்லைன் மனுப் பெட்டியில ஒட்டுனா 'தமிழ்'ங்கிற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளின்னு இங்கிலீஷ்ல விழுது. இணையத்துல கிடைக்கிற மாற்றியில போட்டா தமிழ் வருது. ஆனா 112/2-க்குப் பின்னால இங்கிலீஷ் பெரிய பி போட்ட சர்வே எண் '112ஃ2டீ' ஆயிருது. கமா இருந்த இடத்துல பாதி 'இ'ன்னு நிக்குது. எப்படித் திருத்த? இன்னொண்ணு, எந்தக் கம்ப்யூட்டர்லயும் தமிழாவே தெரியிற பொதுக் குறியீடு யூனிகோடுங்காங்க, அதுல வந்தாத்தான் மனுவை வாங்குவோம்னு அரசே கட்டாயமாக்கிட்டா இந்தத் தொல்லை தீராதா?

கல்லிடை:
பாமினி கோப்புக்குள்ள தமிழே கிடையாது. இருக்கிறது இங்கிலீஷ் எழுத்து, மேல தமிழ் உருவம் போத்தியிருக்கு, அவ்வளவுதான். அதுல சாய்கோடு விசைக்கு ஃ, கமா விசைக்கு இ, பெரிய பி-க்கு டீ. உங்க கோப்புல சர்வே எண்ணை டைம்ஸ் நியூ ரோமன்ல அடிச்சிருப்பாங்க. மாற்றி எழுத்துருவைப் பாக்காது, எல்லாத்தையும் பாமினின்னே நினைச்சு மாத்திரும்.

மாத்துன பிறகு லிப்ரே ஆபீஸ்ல (வேர்ட் மாதிரி இலவச மென்பொருள்) திறந்து, தேடி மாற்று பெட்டியில 'ரெகுலர் எக்ஸ்பிரஷன்' டிக் பண்ணிக்கிடுங்க. தேட ([0-9])ஃ([0-9]), மாற்ற $1/$2. ரெண்டு எண்ணுக்கு நடுவுல உண்மையான ஆய்தம் வராது, அதனால கண்ணை மூடிக்கிட்டு 'அனைத்தும்' குடுக்கலாம். தேதியும் இதிலயே சரியாயிரும், 5/6/2010 மாதிரி நடுவுல ஒத்தை இலக்கம் இருந்தா மட்டும் இன்னொரு தடவை 'அனைத்தும்' குடுங்க.

'இ' கொஞ்சம் கவனம். ஒரு எழுத்தோட ஒட்டி நின்னு, பின்னால இடைவெளி இருந்தா அது கமாதான், தமிழ்ச் சொல் எதுவும் அப்படி முடியாது. தனியா நிக்கிற இ யாரோட இனிஷியலாவும் இருக்கலாம், அதை ஒவ்வொண்ணா பாத்து மாத்துங்க.

சர்வே எண்ணுக்குப் பின்னால வர்ற இங்கிலீஷ் எழுத்துக்குக் குறுக்கு வழி கிடையாது. பட்டாவைப் பக்கத்துல வச்சுக் கையாலதான் திருத்தணும். ஒரு எழுத்து மாறுனா அது அடுத்தவர் உட்பிரிவு.

வண்ணார்பேட்டை டிடிபி:
கண்ணுக்குத் தெரியாத கோளாறு மூணு இருக்கு, அதுதான் மோசம்.

'ஊர்'னு தேடுனா கிடைக்காது, ஆனா பக்கம் பூரா ஊர் இருக்கும். பழைய ஆட்கள் ர் போட வேண்டிய இடத்துல துணைக்காலையும் (ா) புள்ளியையும் சேத்து அடிச்சிருப்பாங்க. பாமினியில ரெண்டும் ஒரே மாதிரி தெரியும், யூனிகோடுக்கு வந்தா 'ஊா்'. தமிழ்ல காலுக்கு மேல புள்ளி வராது, அதனால 'ா்' எல்லாத்தையும் 'ர்'னு மொத்தமா மாத்திரலாம்.

ரெண்டாவது 'பௌர்ணமி'. கொம்பு, ப, ளகரம்னு அடிச்சிருந்தா 'பெளர்ணமி'ன்னு வரும். இதை மொத்தமா மாத்தக்கூடாது. 'வெளி', 'தெளிவு' எல்லாம் கெட்டுப்போகும்.

மூணாவது ஓகாரம். எந்த மாற்றியா இருந்தாலும் முதல்ல 'கோடைமேலழகியான்'னு நம்ம கால்வாய் பேரைப் போட்டுப் பாருங்க. பாமினியில 'கோ'ங்கிறது ஏகாரக் கொம்பு, க, கால்னு மூணு விசை. நல்ல மாற்றி க-வுக்குப் பின்னால ஒரே ஓகாரக் குறியா ஆக்கும். மட்டமானது கொம்பையும் காலையும் தனித்தனியாவே விட்டுரும். பாக்க வித்தியாசமே தெரியாது. 'கோ'வுக்குப் பின்னால கர்சரை வச்சு ஒரு தடவை பேக்ஸ்பேஸ் அடிங்க. 'க' மட்டும் மிஞ்சுனா சரி, 'கே' மிஞ்சுனா அந்த மாற்றி வேண்டாம்.

மனுப் பெட்டியில இடம் சீக்கிரம் தீந்துருதுன்னு புலம்புறவங்களுக்கும் இதே சொல்தான் பதில். நமக்கு அது எட்டு எழுத்து, கொம்பு, கால், புள்ளியை எல்லாம் தனியா எண்ணுற யூனிகோடு கணக்குல 14. எழுத்து வரம்பு போட்ட பெட்டி ரெண்டாவதைத்தான் எண்ணும்.

முக்கூடல்:
கட்டாயம்னு கேட்டீங்களே, மனு குடுக்குறவன் தலையில அதைச் சுமத்துறது எனக்குச் சரியாப் படல. 2010-லயே தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்16-ங்கிற (TACE16) இன்னொரு தமிழ்க் குறியீட்டையும் தரம்னு அறிவிச்சாச்சு. ஆணைக்குப் பஞ்சமில்ல. திங்கக்கிழமை கொக்கிரகுளத்துல கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குப் பேப்பரோட வர்ற பாட்டிக்கு எழுத்துருவைப் பத்தி என்ன தெரியும்? அவங்களுக்கு அடிச்சுக் குடுக்குற கடைதான் மாறணும்.

அங்க ஒரு குழப்பம் நிக்குது. யூனிகோடுக்கு மாறுனா தமிழ்99 விசைப்பலகை படிக்கணும், தட்டச்சு ஹையர் பாஸ் பண்ணுன கை வீணாப் போயிரும்னு நினைக்காங்க. விசைப்பலகை வேற, குறியீடு வேற வே! என்எச்எம் ரைட்டர், இ-கலப்பைன்னு தமிழ் அடிக்கிற மென்பொருள் ரெண்டுலயும் டைப்ரைட்டர் விசை, பாமினி விசை எல்லாம் இருக்கு. விரல் பழையபடியே ஓடும், கோப்புல யூனிகோடு விழும். புதுசாப் படிக்கிற பிள்ளைகளுக்குத் தமிழ்99 நல்லது, 12 உயிர், 18 மெய், ஆய்தம்னு 31 விசையில முடிஞ்சுது. 20 வருசம் டைப்ரைட்டர்ல ஓடுன விரலை ஏன் முறிக்கணும்?

நதியுண்ணி:
பேக்ஸ்பேஸ் சோதனையில நான் வச்சிருந்த மாற்றி தோத்துட்டு, 'கே'தான் மிஞ்சுது. வேற பாக்கேன். மாத்தி முடிச்சா பழைய கோப்பை அழிச்சிரலாமா?

கல்லிடை:
அழிக்காதீங்க. பாமினி எழுத்துரு கோப்பையும் அதே ஃபோல்டர்ல போட்டு வைங்க. நாளைக்கு ஒரு சர்வே எண்ணுல சந்தேகம் வந்தா 'டீ' எந்த எழுத்துல இருந்து வந்துச்சுன்னு பாக்க அது ஒண்ணுதான் இருக்கும். முடிஞ்சா ஒரு பிரிண்டும் எடுத்துக்கிடுங்க.