நெகட்டிவில் கறுப்புப் பிறை
குழு: மேலத்தெரு வீடு

சனி, இரவு 9.40

கார்த்தி: (படம்) பெரியப்பா, தூங்கிவிட்டீர்களா? இன்றைக்குப் பாத்ரூமில் நான்கு 4×5 அங்குல ஷீட் ஃபிலிம் (சுருள் இல்லை, தனித்தனித் தாள்) கழுவினேன். எஃப்பி4 பிளஸ் என்ற கறுப்பு-வெள்ளை ஃபிலிம். நான்கிலும் என்னென்னவோ விழுந்திருக்கிறது. ஃபிலிம் பெட்டியே கெட்டுப் போனதா?

சித்தி: பாத்ரூமில் ஃபிலிம் கழுவினாயா? அதனால்தான் ஒரு மணி நேரம் கதவு திறக்கவில்லையா!

பெரியப்பா: தூங்கவில்லை. ஆனால் நீ அனுப்பியது நெகட்டிவ் இல்லையே, போனில் கறுப்பு-வெள்ளையைத் திருப்பிப் போட்ட படம். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நெகட்டிவை டியூப்லைட் முன்னால் ஓரத்தைப் பிடித்து நிறுத்தி, அதை எடுத்து அனுப்பு. எது கறுப்பு, எது கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று தெரிந்தால்தான் மேலே பேச முடியும்.

கார்த்தி: (படம்) (படம்) வானத்தில் கண்ணாடிப் புள்ளிகள். ஓரத்தில் நகம் வெட்டிப் போட்ட மாதிரி கறுப்புப் பிறைகள். பின்பக்கம் இளஞ்சிவப்பாகப் பட்டை. மூன்று வியாதி.

மீனா அக்கா: ஒரு படத்துக்கு மூன்று வியாதி, நல்ல ஆஸ்பத்திரி கேஸ்.

பெரியப்பா: பிறையிலிருந்து வருகிறேன், அது சுலபம். இருட்டில் ஹோல்டரில், அதாவது ஃபிலிமை வைத்து கேமராவில் மாட்டும் உறையில், செருகும்போதோ எடுக்கும்போதோ கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஃபிலிமை அழுத்தி மடக்கியிருக்கின்றன. வெளிச்சமே படாவிட்டாலும் அந்த இடம் டெவலப்பரில் (படத்தை வெளிக்கொண்டு வரும் மருந்தில்) கறுத்துவிடும். எங்கள் போட்டோக் கடையில் புதிதாகச் சேர்ந்த பையன்கள் எல்லோரும் இந்தப் பிறை போட்டவர்கள்தான், நான் உட்பட. கெட்டுப்போன ஒரு ஷீட்டை எடுத்துக்கொண்டு பகலில் கண்ணை மூடி இருபது முறை செருகிப் பழகு. ஓரத்தை மட்டும் பிடி, விரல் நடுவுக்கு வரக்கூடாது.

கார்த்தி: சரி. புள்ளிகள்? தூசி என்றுதான் நினைத்தேன்.

பெரியப்பா: பெரிதாக்கிப் பார். நூல் மாதிரி, கோணல்மாணலாக, ஓரம் கூர்மையாக இருந்தால் தூசி. படம் எடுக்கும்போதே ஃபிலிம் மேல் உட்கார்ந்து வெளிச்சத்தை மறைத்திருக்கிறது. காம்பஸ் வைத்துப் போட்ட வட்டமாக இருந்தால் காற்றுக் குமிழி. அது ஒட்டியிருந்த இடத்துக்கு டெவலப்பர் போகவில்லை. இரண்டுமே பிரிண்டில் கறுப்பாகத்தான் விழும், அதனால் பிரிண்டைப் பார்த்தால் ஒன்றாகவே தெரியும். வெள்ளையாக விழுந்தால் கவலை இல்லை, பிரிண்ட் போடும்போது நெகட்டிவ் மேல் இருந்த தூசி, துடைத்துவிட்டு மறுபடி போடலாம்.

கார்த்தி: ஒரு நூல். மற்ற ஏழெட்டும் வட்டம்!

பெரியப்பா: டேங்க்கில் ஊற்றியதும் தட்டினாயா?

கார்த்தி: இல்லை. தட்ட வேண்டுமா? முதலில் வெறும் தண்ணீரில் நனைத்தால் குமிழி வராது என்று ஒருவர் சொன்னார், ஆனால் ஃபிலிம் கம்பெனித் தாளில் நனைக்க வேண்டாம் என்று போட்டிருந்தது. அதனால் அதையும் செய்யவில்லை.

பெரியப்பா: நாங்கள் டிரேயில் ஆறு ஷீட்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் புரட்டுவோம், நனைக்காமல் போட்டால் ஒட்டிக்கொள்ளும், அதனால் நனைத்தோம். உனக்கு டேங்க், கம்பெனிக்காரன் சொன்னபடியே செய். ஆனால் ஊற்றியதும் டேங்க்கை மேஜையில் நாலு தட்டுத் தட்டு. ஒவ்வொரு முறை கவிழ்த்து நிமிர்த்தியதும் ஒரு தட்டு.

கார்த்தி: டெவலப்பர் ஐடி-11, 1+1 (ஒரு பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர்), 20 டிகிரி, 11 நிமிடம். ஐஸ் வைத்துக் குளிர வைத்தேன். ஆனால் கடைசியில் அலசிய குழாய்த் தண்ணீர் 33 டிகிரி. அதனால் ஏதாவது?

பெரியப்பா: அந்தக் காலத்து ஃபிலிமாக இருந்தால் எமல்ஷன் (படம் பதியும் பூச்சு) சுருங்கி வறண்ட குளம் மாதிரி வெடித்திருக்கும். இப்போது வருவது கெட்டி, தப்பித்தாய். அடுத்த முறை அலசவும் பானைத் தண்ணீராவது எடு. இந்தச் சிவப்புப் பட்டைதான் எனக்குப் புதிது. நான்கையும் ஃபிலிம் ஓரத்தில் இருக்கும் காது வெட்டு வலது மேல் மூலையில் இருக்கிற மாதிரி அடுக்கிப் பார், ஒரே இடத்திலா?

கார்த்தி: ஒரே இடம்! குறுக்கே நடுவில்.

பெரியப்பா: ஒரே இடம் என்றால் கை இல்லை, கருவி. டேங்க்குக்குள் எப்படி வைத்தாய்?

கார்த்தி: சுருட்டி, எமல்ஷன் உள்பக்கமாக, நடுவில் மீனா அக்காவின் தலைமுடி ரப்பர் பேண்ட்...

மீனா அக்கா: என் ரப்பர் பேண்டா!!

பெரியப்பா: 😀 அவ்வளவுதான். பின்பக்கம் பூசியிருக்கும் சாயம் கரைந்து போக வேண்டும், ரப்பர் மூடிய இடத்தில் தண்ணீரும் ஹைப்போவும் (படத்தை நிலைநிறுத்தும் மருந்து) போகவில்லை. படத்துக்குச் சேதம் இல்லை. சோடியம் சல்ஃபைட் 20 கிராம் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து ஐந்து நிமிடம் ஊற வை, அப்புறம் நன்றாக அலசு.

ஞாயிறு, இரவு 8.15

கார்த்தி: (படம்) பட்டை போய்விட்டது! இன்று புதிதாக இரண்டு கழுவினேன், தட்டித் தட்டி. ஒரு வட்டம்கூட இல்லை. பிறை ஒன்று மட்டும், அதுவும் மூலையில். நூல் மறுபடி வந்தது, நேற்று வந்த அதே ஹோல்டரில்.

பெரியப்பா: அந்த ஹோல்டரின் உள்மடிப்பில் சின்ன அரத்தால் ஒரு வெட்டு போடு, நெகட்டிவ் ஓரத்தில் தடம் விழும், எது குற்றவாளி என்று எப்போதும் தெரியும். வெல்வெட் இருக்கும் வாயைப் பிரஷ்ஷால் துடை. ஃபேனை நிறுத்திவிட்டு.

அத்தை: அண்ணா, என்னைப் பெண் பார்க்க அனுப்பிய போட்டோவிலும் கன்னத்தில் அம்மைத் தழும்பு இருந்ததே, அதை எப்படி எடுத்தீர்கள்?

பெரியப்பா: தழும்புப் பள்ளம் நெகட்டிவில் வெளிறித் தெரியும். பென்சிலை ஊசி மாதிரிச் சீவி, அந்த இடத்தில் புள்ளி புள்ளியாக வைத்து நிரப்பினேன். மூன்று ராத்திரி. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாது.

மாமா: நான் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன்.