1982-க்கு முன் பிறந்தவர்களுக்குப் பிறந்த தேதி ஒரு நாள் குறைகிறதா? கோ மொழியில் பார்த்ததைப் பகிருங்கள்

தேக்கா_கோடர்:
உறுப்பினர் பதிவு சிஸ்டம், கோ (Go) நிரல்மொழியில் எழுதியது. 1975 மார்ச் 10 என்று உள்ளே போன தேதி அட்டையில் மார்ச் 9 என்று அச்சாகிறது. 1982-க்குப் பிறகு பிறந்தவர்களுக்குச் சிக்கலே இல்லை. எழுதும் சர்வீஸில் ஃபிக்ஸட்ஸோன் (எந்த ஆண்டுக்கும் மாறாத நேர வித்தியாசம்), யுடிசி எனும் உலகப் பொது நேரத்துக்குக் கூட்டல் எட்டு மணி. படிக்கும் சர்வீஸில் ஏஷியா/சிங்கப்பூர், அதாவது அந்தந்த ஆண்டில் இருந்த நேரத்தையே பின்பற்றும் மண்டலம். 1981 கடைசி வரை நம் சிங்கப்பூர் நேரம் கூட்டல் ஏழரைதானே, நள்ளிரவாகப் போனது முந்தின இரவு 11:30 ஆகத் திரும்புகிறது. இன்னும் உறுத்துவது 1943-இல் பிறந்த பெரியவரின் பதிவு. அது சரியாக வந்தது! ஜப்பானியர் காலத்தில் இங்கே டோக்கியோ நேரம், கூட்டல் ஒன்பது. நள்ளிரவு 1 மணி ஆனதே தவிர நாள் மாறவில்லை. டெஸ்டில் இருந்த ஒரே பழைய தேதி அதுதான்.

ஈசூன்வாசி:
ஃபிக்ஸட்ஸோன் உள்ளே வரும் வழி பெரும்பாலும் ஒன்றுதான். ஸ்க்ராட்ச் கன்டெய்னரில் (சிஸ்டம் கோப்பு எதுவும் இல்லாத வெற்றுக் கன்டெய்னர்) லோட்லொகேஷன், அதாவது மண்டலத்தைப் பெயரால் ஏற்றும் ஃபங்ஷன், எரர் தரும். லேப்டாப்பில் தராது, கோ நிறுவிய ஃபோல்டரிலேயே நேர மண்டலக் கோப்பு இருக்கிறது. டிப்ளாய் அவசரத்தில் யாராவது எட்டு மணியை நேராக எழுதிவிடுவார்கள். மெயினில் டைம்/டிஇசட்டேட்டா என்ற மண்டலத் தரவுப் பேக்கேஜை அண்டர்ஸ்கோர் போட்டு இம்போர்ட் செய்யுங்கள். கோ 1.15 முதல் உண்டு. பைனரி 450 கேபி போலக் கூடும், அவ்வளவுதான்.

டேட்டாபேஸ்_அக்கா:
ஈசூன்வாசி தம்பி, அது கன்டெய்னர் எரருக்குத்தான் தீர்வு. பிறந்த தேதி ஒரு கணம் இல்லை, அதை டைம்ஸ்டாம்ப்டிஇசட் (ஒரு கணத்தைக் குறிக்கும் டேட்டாபேஸ் வகை) பத்தியில் வைத்ததே தப்பு. போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் டேட் வகை போடுங்கள். கோ-வின் ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் தேதிக்கு மட்டும் தனி வகை கிடையாது. ஆண்டு, மாதம், நாள் கொண்ட சின்ன ஸ்ட்ரக்ட் போதும். ஜேசனில் வெறும் ஸ்ட்ரிங்.

பழைய வரிசைகளை மாற்றும்போது எட்டு மணி கூட்டாதீர்கள். சரியான மண்டலத்தோடு எழுதிய 1943 வரிசை யுடிசியில் முந்தின நாள் 15:00 என்று நிற்கும்; எட்டு கூட்டினால் 23:00, மறுபடி முந்தின நாள். 12 மணி கூட்டி யுடிசி தேதியை மட்டும் எடுங்கள். 15:00, 16:00, 16:30 (முறையே கூட்டல் ஒன்பது, எட்டு, ஏழரையில் எழுதியவை) மூன்றுமே சரியான நாளில் விழும். முதலில் யுடிசி மணி-நிமிட வாரியாக குரூப் பை போட்டு (தொகுத்து) பாருங்கள், இந்த மூன்றைத் தவிர வேறு மணி தென்பட்டால் நிறுத்திவிடுங்கள்.

ஜூரோங்_ஜேஎஸ்:
அக்கா சொன்னதோடு பிரவுசர் பக்கத்தையும் பாருங்கள். தேதிப் பெட்டியின் மதிப்பை லோக்கல் டேட் ஆக்கி டுஐஎஸ்ஓஸ்ட்ரிங் (யுடிசியில் எழுதித் தரும் ஃபங்ஷன்) போட்டால் சிங்கப்பூரில் எந்த ஆண்டுக்கும் முந்தின நாள்தான் போகும். பெட்டி தரும் ஸ்ட்ரிங்கை அப்படியே அனுப்புங்கள்.