கோதுமையை நிறுத்தி 14 மாசம், வயிறு இன்னும் சரியாகல. எங்க தப்பு நடக்குது?

குழித்துறைக்காரன்:
தங்கச்சிக்கு வயசு 34, சீலியாக் நோய் (கோதுமை, பார்லியில உள்ள குளூட்டன்ங்கிற புரதம் குடலைக் கெடுக்குற நோய்). அதுக்கான ரத்தப் பரிசோதனை டிடிஜி ஐஜிஏ முதல்ல 180, இப்ப 41 (அந்த லேப்ல வரம்பு 20). பயாப்ஸியில (குடல் சதைச் சோதனை) மார்ஷ் 3ஏ, அதாவது குடல் உறிஞ்சிகள் ஓரளவு தேய்ஞ்சிருக்கு. கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி, ஓட்ஸ் எல்லாம் நிறுத்தியாச்சு. வயித்துப்போக்கு நின்னுட்டு. ஆனா உப்பிசம், சாப்பிட்டு ஒரு மணி நேரத்துல வயித்துக்குள்ள கடகடன்னு சத்தம், அசதி, வாய்ப்புண் எதுவும் போகல. ஹீமோகுளோபின் 9.8.

காலையில அரிசிப் புட்டும் சிறுபயறும், மத்தியானம் சம்பா அரிசிச் சோறும் மீன்குழம்பும் ரசமும், ராத்திரி கஞ்சி இல்லன்னா மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு). மூணு நேரம் பால் சாயா. புட்டுமாவு மில்லுல அரைக்கோம். வீட்டுல மத்தவங்களுக்குச் சப்பாத்தி, கோதுமைப் புட்டு உண்டு. பாத்திரத்தை நல்லா கழுவித்தான் எடுக்கோம். அவ இப்ப பயறு, மீன், முட்டைன்னு ஒவ்வொண்ணா தானா நிறுத்திட்டே வாறா. "எதைத் தின்னாலும் இதுதானே, பின்ன எதுக்கு இந்தப் பத்தியம்"னு ஒரே எரிச்சல். எங்கேருந்து பார்க்கத் தொடங்கணும்?

நாஞ்சில் அடுப்படி:
அந்த 41லேருந்து தொடங்குங்க. 180லேருந்து இறங்கியிருக்கு, அதனால பத்தியம் வேலை செய்யுது. ரொம்ப உயரத்துல தொடங்கினா இறங்க ஒரு வருஷத்துக்கு மேலயும் ஆகும்ங்கிறது உண்மைதான். இருந்தாலும் 14 மாசத்துல இன்னும் வரம்புக்கு இரண்டு மடங்குன்னா, எங்கேயோ கொஞ்சம் கொஞ்சமா குளூட்டன் போகுதுன்னு வச்சுத்தான் தேடணும். பயறு, மீன், முட்டையை நிறுத்துறதால அந்த ஓட்டை அடையாது. அவங்க தட்டுதான் காலியாகும்.

எவ்வளவு போனா கெடுதல்னு முதல்ல தெரிஞ்சுக்கணும். நாளுக்கு 10 மில்லிகிராமுக்குள்ள குளூட்டன் பெரும்பாலானவங்களுக்குத் தாங்கும். 50 மில்லிகிராம் தினமும் போனா மூணு மாசத்துல குடல் கெடுறது தெரிய ஆரம்பிக்கும். ஒரு கிராம் மைதாவுல சுமாரா 80 மில்லிகிராம் குளூட்டன் இருக்கு. அப்போ கால் டீஸ்பூன் மாவு போதும் கெடுக்க. "நல்லா கழுவித்தான் எடுக்கோம்"ங்கிற பேச்சை இந்தக் கணக்கோட வச்சுப் பாருங்க.

நீங்க எழுதினதுல எனக்கு முதல் சந்தேகம் மில்லு. கோதுமை அரைச்ச அதே கல்லுலதான் உங்க அரிசியும் விழுது. காலையில முதல் ஆளா போனாலும் பிரயோஜனம் இல்ல. நேத்து ராத்திரி அரைச்ச கோதுமை மாவு கல்லுக்கு நடுவுலயும், மாவு விழுற துணிக்குழாயிலயும் ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கும். மில்லுல போய் நின்னாலே காத்துல மாவு பறக்கும். தினமும் காலைச் சாப்பாடே அந்த மாவுன்னா கணக்கு எங்க போகும்னு பாருங்க.

வீட்டுலயே செய்யலாம், பெரிய வேலை இல்ல. ஒரு கிலோ பச்சரிசியை மூணு மணி நேரம் ஊற வச்சு, தண்ணியை ஒட்ட வடிச்சு, துணியில 20 நிமிஷம் பரத்துங்க. கையில பிடிச்சா ஈரம் தெரியணும், சொட்டக் கூடாது. மிக்ஸியில ஒரு தடவைக்கு ஒரு கைப்பிடி, விட்டு விட்டு அரைச்சு, புது அரிப்புல (சல்லடை) அரிச்சு, உருளியில ஆவி அடங்கி மணல் மாதிரி உதிருற வரை வறுங்க. சரியா வறுக்கலன்னா மூணாம் நாளே புளிச்ச வாடை வரும். கடையில வாங்குற புட்டுப்பொடின்னா குளூட்டன் இல்லன்னு அச்சடிச்சதையே வாங்குங்க. நம்ம நாட்டு விதிப்படி அப்படிப் போட கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல இருக்கக் கூடாது. மத்த கம்பெனிகள் கோதுமைப் புட்டுப்பொடியையும் அதே எந்திரத்துல ஓட்டலாம்.

"புது அரிப்பு"ன்னு சொன்னது சும்மா இல்ல. கழுவிச் சுத்தம் பண்ண முடியாத சாமான்னா அது மாவு அரிப்புதான். கம்பி வலைக்கு இடையில மாவு காய்ஞ்சு உக்காந்திருக்கும். புட்டுக்குழல் சில்லோட ஓட்டைகளும், இடியாப்ப அச்சும், சப்பாத்திப் பலகையும், சப்பாத்தி சுடுற இரும்புக் கல்லும் அதே ஜாதி. அவங்களுக்குத் தனியா ஒரு அரிப்பு, ஒரு குழல், ஒரு தோசைக்கல் வாங்கி, பிடியில சிவப்பு நூல் கட்டிடுங்க. சோத்துப் பானை, குழம்புச் சட்டி, ஸ்டீல் தட்டு எல்லாம் சோப்புப் போட்டுக் கழுவினா போதும், அதுல பயம் வேண்டாம். அலமாரியில அவங்க மாவு மேல்தட்டு, ரேஷன் கோதுமை கீழ்தட்டு. மாத்தி வச்சா மேலேருந்து கொட்டும்.

அடுத்தது ரசம். இப்பவே எழுந்து போய்ப் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பாருங்க. கடையில கிடைக்கிறது கூட்டுப்பெருங்காயம். பெருங்காயப் பிசினை மட்டும் விற்க மாட்டாங்க, மாவும் கோந்தும் சேர்த்துத்தான் கட்டி பிடிப்பாங்க, நிறைய கம்பெனிக்கு அந்த மாவு கோதுமை மாவுதான். அரிசி மாவுல செஞ்சதும் கிடைக்குது. ஊறுகாய், மலிவு பப்படம், மிக்சர் எல்லாத்துலயும் இதே பெருங்காயம் புகுந்திருக்கும்.

கடைசியா ஒரு பேர்க்குழப்பம். நம்ம பக்கம் சம்பான்னா சிவப்புப் புழுங்கல் அரிசி, பிரச்சினை இல்ல. பாக்கெட்டுல "சம்பா ரவை"ன்னு போட்டிருந்தா அது உடைச்ச கோதுமை.

லேப் மேசை:
அடுப்படி சொன்னதோடு மருத்துவப் பக்கத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

டிடிஜி 180, மார்ஷ் 3 இரண்டும் இருப்பதால் சீலியாக் என்பதில் சந்தேகம் குறைவு. டிடிஜி நெகட்டிவாக இருந்து பயாப்ஸியை மட்டும் வைத்து முடிவு செய்திருந்தால் நான் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். தென்னிந்தியாவில் சீலியாக் அரிது. 2016இல் வெளிவந்த ஆய்வில் வடக்கே 1.23 சதவீதம், தெற்கே 0.10 சதவீதம். இதே குடல் மாற்றத்தை டிராப்பிக்கல் ஸ்ப்ரூ (வெப்ப நாடுகளில் வரும் குடல் நோய்), ஜியார்டியா (குடல் ஒட்டுண்ணி), ஓல்மிசார்டன் என்ற பிரஷர் மாத்திரை ஆகியவையும் தரும். டிராப்பிக்கல் ஸ்ப்ரூவுக்கு மருந்து டெட்ராசைக்கிளினும் ஃபோலிக் ஆசிடும், ஆயுள் பத்தியம் அல்ல. அப்படிச் சந்தேகம் உள்ளவர்கள் பயாப்ஸி ஸ்லைடையும் சதைத்துண்டு பதித்த மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்கி இன்னொரு நோய்க்குறியியல் மருத்துவரிடம் காட்டலாம்.

உங்கள் தங்கைக்கு உப்பிசமும் கடகட சத்தமும் ஒரு மணி நேரத்தில் வருவது பாலைச் சுட்டுகிறது. பால் சர்க்கரையை உடைக்கும் லாக்டேஸ் குடல் உறிஞ்சிகளின் நுனியில் இருக்கிறது. நுனி தேய்ந்தால் அதுவும் குறையும், குடல் ஆறினால் பெரும்பாலும் திரும்பும். 14 நாள் பாலை மட்டும் நிறுத்தி, தயிர், மோரை வைத்துக்கொள்ளட்டும். மாற்றம் இல்லையென்றால் பாலைத் திரும்பக் கொடுத்துவிட்டு அடுத்த 14 நாள் பயறு. பயறு யாருக்கும் வாயு தரும். தண்ணீர் மாற்றி ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி வேக வைத்தால் குறையும். ஒரே நேரத்தில் இரண்டை நிறுத்தினால் எது காரணம் என்றே தெரியாது.

அசதிக்கும் வாய்ப்புண்ணுக்கும் குளூட்டனை மட்டும் குற்றம் சொல்ல வேண்டாம். ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பு), பி12, ஃபோலேட், வைட்டமின் டி, டிஎஸ்எச் (தைராய்டு) பாருங்கள். இரும்பு மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் சாயா கூடாது. மூன்று சாயா குடிப்பவருக்கு இதுவே பாதி காரணமாக இருக்கலாம். மலம் எண்ணெய்ப்பசையாக மிதந்தால் கணையத்துக்கு எலாஸ்டேஸ் சோதனை. எடை குறைதல், ரத்தம், இரவில் எழுப்பும் வயிற்றுப்போக்கு இருந்தால் காத்திருக்காமல் நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ குடல் நிபுணரிடம் போக வேண்டும்.

குழித்துறைக்காரன்:
ரொம்ப நன்றி. இரண்டு சந்தேகம் பாக்கி. ஞாயித்துக்கிழமை கோயில்ல நற்கருணை வாங்குறா. அடுத்த மாசம் சொந்தத்துல கல்யாணம், போகாம இருக்க முடியாது.

முட்டம் கடற்காற்று:
நற்கருணை அப்பம் கோதுமைதான். சின்னதுன்னு விட முடியாது, அடுப்படி சொன்ன 10 மில்லிகிராமை ஒரு அப்பமே தாண்டிடும். குளூட்டனே இல்லாத அப்பம் கத்தோலிக்கத் திருச்சபையில செல்லாது. குறைஞ்ச குளூட்டன் அப்பம் செல்லும், திராட்சை இரசம் மட்டும் வாங்குறதும் செல்லும். வத்திக்கான் 2003லயும் 2017லயும் இதைத் தெளிவா எழுதியிருக்கு. ஆனா பாதிரியாரோட கிண்ணத்துலேருந்து வேண்டாம், அதுல அப்பத்துண்டு ஒண்ணு போட்டிருப்பாங்க. தனிக் கிண்ணம் கேக்கணும், பூசைக்கு முன்னாடியே சாக்ரிஸ்டில (பாதிரியார் தயாராகுற அறை) சொல்லி வைக்கணும். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கோயில்னா போதகர்கிட்ட பேசினா போதும்.

கல்யாணப் பந்தியில ஆபத்து போளி. மைதா மாவு மேல தூவி இருக்கும், இலையில வச்சாலே உதிரும், அதுமேலதான் பால் பாயசம் ஊத்துவாங்க. போளி வச்ச கையாலயே அடுத்தாப்ல பப்படமும் வரும். பந்தி ஓரத்துல உக்காந்து போளி வரும்போது இலையைக் கையால மறைக்கணும். சாம்பார், ரசம், சேமியா பாயசம் வேண்டாம். அவியல், எரிசேரி, துவரன், ஏத்தங்காய் உப்பேரி ஆகும், உப்பேரி பொரிச்ச எண்ணெய்ல வேறெதும் பொரிக்கலன்னா. அடைப் பிரதமன்ல அரிசி அடைதானான்னு பண்டாரிகிட்ட ஒரு வார்த்தை. முந்திரிக்கொத்து வீட்டுல செஞ்சா அரிசிமாவுல முக்குவாங்க, கடைக்காரங்க மைதாவுல முக்குறதும் உண்டு.

நாஞ்சில் அடுப்படி:
இதோட இன்னொண்ணு. வெளிய போனா ஆப்பம், தோசைன்னு நம்பிடுவாங்க. பரோட்டா போடுற கடையில தோசையும் அதே கல்லுலதான். மரச்சீனியும் மீன்கறியும் கேக்குறது நல்லது, மீனைப் பொரிச்சதா வாங்க வேண்டாம்.

குழித்துறைக்காரன்:
டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். சேர்மானத்துல இரண்டாவது பேரே கோதுமை மாவு. தினமும் ரசம்.

லேப் மேசை:
டப்பாவையும் மில்லையும் இன்றே மாற்றிவிட்டுத் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து அதே லேப்பில் டிடிஜி. அதுவரை முட்டையும் மீனும் அவர் தட்டுக்குத் திரும்பட்டும்.