மெயிலில் வெளிப்படங்களைத் தடுப்பது இன்னும் தேவையா?

வழிப்போக்கன்:
வெளிப்படம் என்றால் மெயிலுக்குள் இல்லாமல் வெளி சர்வரிலிருந்து இறங்கும் படம். அதைத் தடுக்கத் தேவையில்லை என்பது என் கட்சி. ஜிமெயில் 2013 டிசம்பரிலிருந்தே படங்களை கூகுளின் ப்ராக்ஸி (நடுவில் நிற்கும் சர்வர்) வழியாகத்தான் இழுக்கிறது. அனுப்பியவருக்கு உங்கள் ஐபி முகவரியும் போகாது, பிரவுசர் விவரமும் போகாது. அப்புறம் எதற்கு மெயிலை மொட்டையாகப் படிக்க வேண்டும்?

தாழ்ப்பாள்:
ஐபி போகாது, சரி. திறந்துவிட்டீர்கள் என்ற சேதி போகுமே! உளவு வேலைக்கு வரும் படம் கண்ணுக்கே தெரியாத 1×1 பிக்சல் ஜிஃப். விஷயம் படத்தில் இல்லை, அதன் முகவரியில் இருக்கிறது. வாலில் ஆளுக்கொரு எண் ஒட்டியிருக்கும். மெயிலைத் திறந்ததும் ப்ராக்ஸி அந்த முகவரிக்குப் போய்க் கேட்கும், அங்கே சர்வர் லாகில் (பதிவேட்டில்) உங்கள் எண்ணும் நேரமும் பதிவாகும். 'இந்த மெயில் முகவரியில் ஆள் இருக்கிறார்' என்று தெரிந்தால் ஸ்பேம்காரனுக்குப் போதாதா?

வழிப்போக்கன்:
அதற்கும் வழி வந்தாயிற்று. 2021இல் ஐபோனுக்கு ஐஓஎஸ் 15 வந்ததிலிருந்து ஆப்பிள் மெயில், நீங்கள் திறந்தாலும் திறக்காவிட்டாலும் படங்களைப் பின்னணியில் இறக்கிவிடுகிறது. லாகில் இருக்கும் நேரத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

தாழ்ப்பாள்:
ஆப்பிளின் சொந்த மெயில் செயலியில், அந்த அமைப்பை இயக்கியிருந்தால் மட்டும். அதே ஐபோனில் வேறு செயலியில் படித்தால் அந்தப் பாதுகாப்பு கிடையாது.

ப்ராக்ஸியால் தடுக்க முடியாத ஒன்றும் உண்டு. 2018இல் வெளியான ஈஃபெயில் தாக்குதலைப் பாருங்கள். மறையாக்கம் (என்க்ரிப்ஷன்) செய்த மெயில் ஒன்று எதிரி கையில் சிக்குகிறது. அதற்கு முன்னால் ஒரு எச்டிஎம்எல் (வலைப்பக்க மொழி) துண்டு வைக்கிறான்: படத்தை அழைக்கும் குறி, முகவரி தொடங்கும் மேற்கோள் குறி, ஆனால் மூடவில்லை. மூடும் குறி மெயிலுக்குப் பின்னால் வரும் துண்டில். சில மெயில் செயலிகள் நடுப்பகுதியை மறைநீக்கி மூன்றையும் ஒட்டிவிட்டன. ரகசிய வாசகம் முழுவதும் பட முகவரியின் பகுதியாகி எதிரியின் சர்வருக்கே போனது. இதில் ப்ராக்ஸி வெறும் தபால்காரர்.

அரைப்புள்ளி:
சண்டை நடக்கட்டும், இடையில் அமைப்புகளைச் சொல்லிவிடுகிறேன். ஜிமெயிலை பிரவுசரில் திறந்து, அமைப்புகள், பொது, படங்கள் என்று போய் 'வெளிப்படங்களைக் காட்டும் முன் கேட்கவும்' என்பதைத் தேர்ந்தெடுத்து, பக்கத்தின் அடியில் சேமிக்க வேண்டும். பலர் சேமிக்காமலே வந்துவிடுகிறார்கள். தண்டர்பேர்ட் மெயில் செயலியில் தடுப்பு இயல்பாகவே உண்டு. அங்கே 'இந்த அனுப்புநரை எப்போதும் அனுமதி' என்பதைத் தொடாதீர்கள், அனுப்புநர் முகவரியைப் போலியாகப் போடலாம். அந்த ஒரு மெயிலுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். மெயிலுக்குள்ளேயே இணைத்து வரும் படங்களால் கவலையில்லை, அவற்றைக் காட்ட வெளி சர்வரைக் கேட்கத் தேவையில்லை.

வழிப்போக்கன்:
எல்லாம் தடுத்துவிட்டு உள்ளே இருக்கும் லிங்க்கைத் தட்டினால்? அதிலும் அதே எண்தான்.

தாழ்ப்பாள்:
தட்டுவது என் கையில் இருக்கிறது. படம் என்னைக் கேட்டா இறங்குகிறது? இன்னொன்று: மெயிலை அப்படியே ஃபார்வர்ட் செய்தால் உங்கள் எண்ணும் கூடவே போகும். அங்கே படம் இறங்கினால் அதுவும் உங்கள் கணக்கில்தான் ஏறும்.