ஐரோப்பியப் பெண் சிற்றோவியம்: முகத்து வெள்ளை பழையதா, பிற்காலத்தில் பூசியதா?

தனியார் சேகரிப்பிலுள்ள ஒரு சிற்றோவியத்தின் காலத்தை முடிவுசெய்ய முடியவில்லை. வஸ்லித் தாள் (பல தாள்களை ஒட்டிச் செய்த தடித்த தாள்), 21 × 14 செ.மீ. இறகுத் தொப்பி, சுருள்முடி, கையில் மதுக்கிண்ணம், காலடியில் நாய். எழுத்து எதுவும் இல்லை. 1711-இல் டச்சுக் கம்பெனித் தூதர் கெட்டலார் உதய்பூர் வந்துபோன பிறகு மேவாரில் (உதய்பூரைத் தலைநகராகக் கொண்ட அரசு) பெருகிய ஃபிரங்கி படங்களின், அதாவது ஐரோப்பியரை வரைந்த படங்களின், சாயல் அப்படியே இருக்கிறது.

பின்னொளியில் தாளின் அடுக்குகள் தெரிகின்றன, நீர்க்குறி இல்லை. புற ஊதா விளக்கில் மேலாடை பளிச்சென்ற மஞ்சளாக ஒளிர்கிறது. ‘இந்திய மஞ்சள்’ என்ற பழைய நிறமியாகவே இருக்கும். கழுத்துச் சரிகையின் வெள்ளை கருத்துவிட்டது. ஈய வெள்ளை கந்தக வாயு பட்டால் அப்படித்தான் ஆகும்.

சிக்கல் முகத்தில்தான். கருக்கவே இல்லை, பச்சை கலந்த மஞ்சளாக ஒளிர்கிறது. அது துத்தநாக வெள்ளை என்றால், நீர்வண்ணமாக அது கடைக்கு வந்த 1834-க்கு முன் போவது கடினம். 10 மடங்கு லென்ஸில் பார்த்தும் பூச்சின் விளிம்பு பிடிபடவில்லை. கண்கோடு வெள்ளைக்கு மேலேதான் ஓடுகிறது. மாதிரி சுரண்ட உரிமையாளர் சம்மதிக்கவில்லை, நிறமியிலுள்ள தனிமங்களைக் காட்டும் எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவியும் கைக்கு எட்டவில்லை.

மாதிரி எடுக்காமல், இந்த முக வெள்ளைக்கு அடியில் பழைய ஈய வெள்ளை இருக்கிறதா என்று கண்டுபிடிக்க என்ன வழி?