அய்யன் போனு சும்மா சும்மா ஹேங் ஆகுதுங்க, சரி பண்ண வழி இருக்குதுங்களா?

காங்கயம்_பையன்

எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்கய்யன் வெச்சிருக்கறது 3 ஜிபி ரேம், 32 ஜிபி ஸ்டோரேஜ், ஆண்ட்ராய்டு 11. வாங்கறப்ப எட்டாயிரத்துச் சொச்சம் ஆச்சு. மொதல்ல நல்லாத்தான் ஓடிட்டிருந்துச்சு, இப்ப கொஞ்ச நாளா நெம்பப் படுத்துதுங்க. போன் வந்தா ரிங் அடிக்குது, ஆனா ஸ்க்ரீன்ல எடுக்கற பட்டனே வர மாட்டேங்குது, அது வர்றதுக்குள்ள அந்தப் பக்கம் கட் பண்ணிர்றாங்க. அப்பறம் தீவனக்கடைல தவுட்டு மூட்டைய வண்டில ஏத்திட்டு ஸ்கேன் பண்ணலாம்னு கேமராவத் தொறந்தா அப்படியே நின்னுக்குது, கடைக்காரரு இவர் மூஞ்சியப் பாக்கறாரு, இவரு போனப் பாக்கறாரு, பின்னாடி நிக்கறவங்க "ஏனுங் மாமா, காசு கொண்டாரலீங்களா"ன்னு நக்கல் வேற.

பக்கத்துல ஒரு கடைல காட்டுனதுக்கு, கைல வாங்கித் திருப்பிப் பாத்துட்டு "போர்டு போயிருச்சு, நாலாயிரம் ஆகும்"னுட்டாரு. கழட்டிக்கூடப் பாக்கலைங்க. புதுசு வாங்கித் தர்றேன்னு சொன்னா அய்யன் ஒத்துக்க மாட்டேங்கறாரு, இதுதான் கைக்குப் பழக்கம்ங்கறாரு. ரீஸ்டார்ட் பண்ணுனா கொஞ்ச நேரம் தேவல, அப்பறம் பழைய குருடி கதவைத் திறடிதான். பக்கத்து வூட்டுப் பையன் ஒரு கிளீனர் ஆப் போட்டுக் குடுத்திருக்கான், அதுல பூஸ்ட் பூஸ்ட்னு தெனமும் அமுக்கிட்டே இருக்காரு, ஒன்னும் ஆன மாதிரி தெரியல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஈரோட்டுக்காரன்_77

3 ஜிபி ரேமா? அதெல்லாம் கடாசிட்டு வேற வாங்குங்க பங்காளி. அய்யன்கிட்ட கேட்டுட்டா வாங்கறது, வாங்கிக் கைல குடுத்துட்டா வெச்சுக்குவாரு.

திருப்பூர்_சர்வீஸ்

தம்பி, அவசரப்படாதீங்க. நான் இந்த வேலைலதான் இருக்கறனுங்க. ஹேங் ஆகுதுன்னு எங்ககிட்ட வர்ற இந்த வெலை போனுல முக்கால்வாசி ஸ்டோரேஜ் ரொம்பிப் போயித்தான் வரும், போர்டு எல்லாம் அபூர்வம். 32 ஜிபின்னு டப்பால போட்டிருந்தாலும் ஆண்ட்ராய்டும் கம்பெனிக்காரன் திணிச்சு உட்ட ஆப்பும் சேந்தே பெரும்பாலும் 10 ஜிபிக்கு மேல எடுத்துக்கும், மிச்சத்துல வாட்ஸப் வந்து குந்திக்கும். மொதல்ல செட்டிங்ஸ்ல ஸ்டோரேஜ் போயி எவ்வளவு காலின்னு பாத்துட்டு இங்க போடுங்க.

ரொம்புனா ஏன் நிக்குதுன்னு கேட்டீங்கன்னா, ஃப்ளாஷ் மெமரில பழசு மேலயே புதுச எழுத முடியாதுங்க. அந்த பிளாக்க மொதல்ல அழிக்கோணும், பொறவுதான் எழுதோணும். காலி பிளாக் நெறய இருந்தா நேரா எழுதிட்டுப் போயிரும். குடோன் கூரை வரைக்கும் ரொம்பிக் கெடக்கறப்ப ஒரு மூட்டைய உள்ள வெக்கோணும்னா நாலு மூட்டைய நவுத்தோணுமில்லீங்களா, அந்த நவுத்தற நேரந்தான் உங்களுக்கு ஹேங்னு தெரியறது. போதாததுக்கு இந்த வெலைல வர்ற போன்ல பெரும்பாலும் இஎம்எம்சி மெமரிதான் போடறாங்க, அது ஒரு சமயத்துல ஒன்னு படிக்கும், இல்லாட்டி எழுதும், ரெண்டையும் சேத்திப் பண்ணாது. யூஎஃப்எஸ்னு எச்சு வெலை போன்ல வர்றது ரெண்டையும் ஒரே நேரத்துல பண்ணும். இப்ப உங்கய்யன் போன்ல குரூப்புல வந்த வீடியோ எல்லாம் இறங்கி எழுதிட்டிருக்குது, அந்த நேரம் பாத்து யாரோ கூப்படறாங்க, போன் ஆப்பு தன்னோட ஸ்க்ரீனப் படிச்சு எடுக்க முடியாம வரிசைல நிக்குது. சத்தம் வருது, பட்டன் வரல. நீங்க சொன்னது அச்சு அசல் இதேதான்.

அதனால குறைஞ்சது ஒரு 5, 6 ஜிபி காலியாக்குங்க. காலியாக்குன ராத்திரி போன சார்ஜ்ல போட்டு யாரும் தொடாம உட்டுருங்க. அழிச்ச எடத்தையெல்லாம் மெமரிக்குச் சொல்லி உண்மையாவே காலி பண்ற வேலைய ஆண்ட்ராய்டு சும்மா இருக்கற நேரத்துலதான் பண்ணும், 4.3ல இருந்தே அப்படித்தான். அழிச்ச உடனே "ஒன்னும் மாறல"ன்னு நெறய பேரு வந்து நிப்பாங்க, மக்யா நாளு பாத்தா தேவலையா இருக்கும்.

அந்த கிளீனர் ஆப்ப இன்னைக்கே தூக்கிருங்க. பின்னாடி இருக்கற ஆப்பையெல்லாம் அது கொல்லும், கொன்ன ஆப்பு மறுபடி தானா எந்திரிக்கும், எந்திரிக்கறதுக்கு மறுபடி மெமரில இருந்து எல்லாத்தையும் படிக்கோணும். நடுவுல இது விளம்பரம் வேற ஓட்டும். பூஸ்ட் பூஸ்ட்னு அமுக்கறதே பாதி வேலைய இழுத்து உடுதுங்க.

கோபி_அக்கா

வாட்ஸப் பத்தி நான் சொல்றேன், எங்க மாமனார் போன் வேலை பூரா என்ற தலைலதான். வாட்ஸப்ல செட்டிங்ஸ், ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, அதுக்குள்ள மேனேஜ் ஸ்டோரேஜ்னு இருக்கும். தொறந்தா 5 எம்பிக்கு மேல இருக்கறது, பல தடவ ஃபார்வர்டு ஆனது ரெண்டையும் தனியா பிரிச்சே வெச்சிருப்பான். ஃபார்வர்டு ஆனதுல ஒன்னுகூடப் பாக்காம அழிச்சுரலாம், எல்லாம் காலை வணக்கம் ரோஸ்பூவும் மொளகு கஷாயமுந்தான். 5 எம்பி லிஸ்ட்ட மட்டும் நிதானமா பாருங்க, பேரன் பேத்தி வீடியோ, நோம்பிக்கு எடுத்தது எல்லாம் அதுலதான் இருக்கும், அதையும் சேத்தி அழிச்சுப் போட்டீங்கன்னா வூட்ல சண்டைதான்.

இன்னொன்னு யாருக்கும் தெரியறதில்ல, நாம அடுத்தவங்களுக்கு அனுப்பற வீடியோவையும் வாட்ஸப் தனியா ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கும். ஃபைல் மேனேஜர்ல ஆண்ட்ராய்டு, மீடியா, வாட்ஸப் பேர்ல இருக்கற ஃபோல்டர், அதுக்குள்ள வீடியோ ஃபோல்டர்ல சென்ட்னு ஒன்னு இருக்கும் பாருங்க. ஒரே வீடியோ கேலரில ஒன்னு, இங்க ஒன்னு. மாமனாருக்கு இது மட்டுமே ஜிபி கணக்குல இருந்துச்சு, அவரு மாடு கண்ணு போட்டதை ஒறம்பரை எல்லாத்துக்கும் தனித்தனியா அனுப்பியிருக்காரு.

அழிச்சதும் கேலரில ட்ராஷையும் காலி பண்ணோணும். கூகுள் போட்டோஸ்னா பேக்கப் ஆன படம் 60 நாள், ஆகாதது 30 நாள் பின்லயே, அதான் அந்த ட்ராஷ்லயே கெடக்கும், எடம் காலியாகவே ஆகாது. கடைசியா ஆட்டோ டவுன்லோட ஆஃப் பண்ணுங்க, மொபைல் டேட்டா, வைஃபை ரெண்டுலயும் வீடியோ டிக் எடுத்துருங்க. இத உட்டீங்கன்னா அடுத்த ஆடிக்குள்ள மறுபடி ரொம்பிரும்.

பல்லடம்_தறி

ஸ்டோரேஜ் சரிங்க, ஆனா 3 ஜிபி ரேம்ங்கறதயும் மறக்கப்படாது. இந்த மாதிரி போன் சிலதுல ரேம் எக்ஸ்டென்ஷன்னு ஒன்ன ஆன் பண்ணி உட்டிருப்பான், 3 பிளஸ் 2ன்னு பெருசா எழுதியிருக்கும். அது இருந்தா ஆன்லயே வெச்சுக்கங்க, ஆஃப் பண்ணுனா ஆப்பெல்லாம் பின்னாடி சீக்கிரம் மூடிக்கும்.

அப்பறம் போன எங்க வெக்கறாருன்னு பாருங்க. எக்ஸ்எல் வண்டில முன்னாடி பைல போட்டு சித்திரை வெயில்ல நிறுத்துனா எந்தப் போனா இருந்தாலும் சூட்டுல ப்ராசஸரே வேகத்தக் கொறச்சுக்கும். எங்க தறிக்குடோன்ல பஞ்சு தூசு சார்ஜர் ஓட்டைல அடைச்சு, சார்ஜ் ஏறறதும் உடறதுமா இருந்து போனு கொதிக்கும், நெசமாவே. போன ஆஃப் பண்ணிட்டு மரக் குச்சில மெல்லமா நோண்டி எடுக்கோணும், ஊக்கு கீக்கு உட்டீங்கன்னா பின்னு வளைஞ்சுரும்.

திருப்பூர்_சர்வீஸ்

பல்லடத்துக்காரரே, சூடும் தூசும் நூத்துக்கு நூறு சரி. அந்த ரேம் விசயத்துல மட்டும் ஒத்துக்க மாட்டனுங்க. அது ஒன்னும் புது ரேம் இல்ல, ஸ்டோரேஜ்ல இருந்தே 2 ஜிபி கடன் வாங்கி ரேம் மாதிரி காட்டறது. யூஎஃப்எஸ் போன்ல, எடமும் இருந்தா இருந்துட்டுப் போகுது. இங்கயோ இஎம்எம்சி, அதுவே மூச்சு முட்டிட்டிருக்குது, அது மேலயே போயி ரேம் வேலையயும் ஏத்தி வெச்சா எப்படிங்க? ஆப் பின்னாடி மூடிக்கறது உண்மைதான். ஆனா பெரியவருக்கு வேணுங்கறது போன் எடுக்கறது, ஸ்கேன் பண்றது, வாட்ஸப் பாக்கறது. மூடுன ஆப்பு ரெண்டு செகண்டு கழிச்சுத் தொறந்தா அவருக்கு ஒன்னும் குடி முழுகாது. ஆஃப் பண்ணி ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்துட்டு தம்பியே சொல்லட்டும்.

பல்லடம்_தறி

சரிங்ணா, உங்க கை பட்டது எச்சு. ஆனா என்ற போன்ல ஆன்லதான் இருக்குது, நல்லாத்தான் ஓடுது.

திருப்பூர்_சர்வீஸ்

உங்களுது என்ன மாடல், எத்தன ஜிபி காலி? 64 இல்லாட்டி 128ஆ இருக்கும் பாருங்க.

பல்லடம்_தறி

128 😁

காங்கயம்_பையன்

எல்லாருக்கும் நெம்ப நன்றிங்க. பாத்தனுங்க, காலி வெறும் 700 எம்பிதான் இருந்துச்சு. கோபி அக்கா சொன்ன சென்ட் ஃபோல்டர்ல மட்டும் 4 ஜிபி, எல்லாம் மாட்டுச்சந்தை வீடியோ, ஒன்னையே பத்துப் பேருக்கு அனுப்பியிருக்காரு. ட்ராஷும் ரொம்பிக் கெடந்துச்சு. எல்லாம் தொடச்சு இப்ப 8 ஜிபி காலி. கிளீனரையும் தூக்கியாச்சு, ரேம் எக்ஸ்டென்ஷன் ஆன்ல இருந்துச்சு அதையும் ஆஃப் பண்ணியாச்சு. ராத்திரி சார்ஜ்ல போட்டு உட்டேன். வாட்ஸப், கேமரா எல்லாம் இப்ப பரவால்லீங்க, ஸ்கேன் உடனே தொறக்குது. ஆனா போன் வர்றப்ப மட்டும் இன்னும் அதே கதைதான், பட்டன் வர லேட் ஆகுது. அப்ப போர்டுதானுங்களா?

திருப்பூர்_சர்வீஸ்

மத்ததெல்லாம் ஓடுது, போன் வர்றப்ப மட்டும் நிக்குதுன்னா ஏதோ ஒரு ஆப்பு குறுக்க உக்காந்திருக்குது. சேஃப் மோட்ல போட்டுப் பாருங்க. பவர் பட்டன அமுக்கி, ஸ்க்ரீன்ல வர்ற பவர் ஆஃப்ங்கறத அழுத்திப் புடிச்சா பெரும்பாலான போன்ல சேஃப் மோட் கேக்கும். அதுல நாமளா போட்ட ஆப்பு எதும் ஓடாது. அந்த மோட்ல வெச்சுட்டு உங்க போன்ல இருந்து கூப்புட்டுப் பாருங்க. பட்டன் டக்குனு வந்துச்சுன்னா போர்டு மேல பழியே இல்ல.

அப்படி வந்தா சாதா மோடுக்கு வந்து, செட்டிங்ஸ்ல டிஸ்ப்ளே ஓவர் அதர் ஆப்ஸ்னு தேடுங்க, அடுத்தவன் ஸ்க்ரீன் மேல ஏறி உக்கார்ற அனுமதி யார் யாருக்கு இருக்குதுன்னு லிஸ்ட் வரும். ஆக்சஸிபிலிட்டிலயும் ஒருக்கா பாத்துருங்க. பெரியவங்க போன்ல கூப்படறவங்க பேரச் சொல்ற ஆப்பு, போன் வந்தா லைட் அடிக்கற ஆப்பு, ரிங்டோன் ஆப்பு, இதுலதான் ஒன்னு மாட்டும்.

காங்கயம்_பையன்

அண்ணா கரெக்டுங்க!! சேஃப் மோட்ல சும்மா பறக்குது. லிஸ்ட்ல பாத்தா பேரச் சொல்ற ஆப்பு ஒன்னு, லைட் அடிக்கறது ஒன்னு, ரெண்டும் ஒன்னுக்கு மேல ஒன்னு ஏறி உக்காந்திருக்குது. ரெண்டையும் தூக்குன உடனே போன் வர்றப்ப பட்டன் வந்துருது. அய்யனுக்கு மட்டும் வருத்தம், "யார்னு அதே சொல்லிப்போடுமே, கண்ணாடி தேட வேண்டியதில்லையே"ன்னு. அவரு சொல்றதும் நாயந்தான்.

கோபி_அக்கா

அதுக்குத் தனி ஆப்பே வேண்டாந்தம்பி. கூகுளோட போன் ஆப்பு இருந்துச்சுன்னா அதோட செட்டிங்ஸ்லயே கூப்படறவங்க பேரச் சொல்றதுக்கு வசதி இருக்குது, காலர் ஐடி அனவுன்ஸ்மென்ட்னு பாருங்க. எங்க மாமனாருக்கு அதான் போட்டு உட்டிருக்கேன்.

ஈரோட்டுக்காரன்_77

இவ்வளவு தொந்தரவுக்கு பேசாம ஃபேக்டரி ரீசெட் அடிச்சிருந்தா ஒரே அடில முடிஞ்சிருக்கும்.

திருப்பூர்_சர்வீஸ்

முடிஞ்சிருக்கும், எல்லாமே சேந்து முடிஞ்சிருக்கும். பங்காளி, ரீசெட் கடைசி வழிங்க, அதுவும் முன்னேற்பாடு இல்லாம அடிக்கப்படாது. பழைய கூகுள் அக்கவுன்ட் பாஸ்வேர்டு தெரியாம பட்டன் அமுக்கி ரெக்கவரில போயி ரீசெட் அடிச்சீங்கன்னா, திரும்ப ஆன் ஆகறப்ப அதே பழைய அக்கவுன்ட்ட கேட்டு நின்னுக்கும். ஆண்ட்ராய்டு 5.1ல இருந்து இந்தப் பூட்டு இருக்குது. கடைல புது அக்கவுன்ட் போட்டுக் குடுத்திருப்பாங்க, பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது, அப்படியே பொட்டி பொட்டியா எங்ககிட்டத்தான் வரும். வாட்ஸப்ப டிரைவுல பேக்கப் எடுக்கோணும், அது இப்ப கூகுள் குடுக்கற 15 ஜிபி கணக்குல சேருது, அதுல எடம் இருக்குதான்னும் பாத்துக்கோணும். யூபிஐ ஆப்பு மறுபடி பேங்க் நம்பர் சிம்ல இருந்து எஸ்எம்எஸ் அனுப்பித்தான் சேரும், ரீசார்ஜ் முடிஞ்சு போன சிம்மா இருந்தா அங்கயும் நின்னுக்கும்.

தாராபுரம்_வாத்தியார்

நடுவுல ஒரு சந்தேகமுங்க. எங்க போன்லயும் எடம் இல்ல, ஒரு மெமரி கார்டு வாங்கிப் போட்டு அத இன்டர்னல் மெமரியா மாத்திக்கலாம்னு ஒரு வீடியோல சொல்றாங்களே, பண்ணலாங்களா?

திருப்பூர்_சர்வீஸ்

வேண்டாங்க சார். கார்டு போனோட உள் மெமரிய விட மெதுவு, ஆப்ப அதுல கொண்டுபோயி வெச்சா இப்ப இருக்கறத விட எச்சா நிக்கும், கார்டு செத்துப் போனா ஆப்பும் அதோட சேந்து போயிரும். படம், வீடியோ, பாட்டு வெக்கறதுக்கு மட்டும் தாராளமா போடுங்க. வாங்கறப்ப கார்டு மேல ஏ1ன்னு வேகத்துக்கான முத்திரை இருக்கறதா பாத்து பில்லு போட்ட கடைல வாங்குங்க, நோம்பிக் கடைல நூறு ரூவாய்க்கு 256 ஜிபின்னு விக்கறதத் தொடாதீங்க, ரொம்புனதுக்கப்பறம் பழைய படத்து மேலயே எழுதிட்டு எதும் தொறக்காது. ஏற்கெனவே கார்டு போட்டிருந்தா ஒரு நாளைக்கு அதக் கழட்டி வெச்சுட்டு ஓட்டிப் பாருங்க, சில சமயம் கெட்டுப்போன கார்டப் படிக்க முயற்சி பண்ணியே போன் நிக்கும்.

காங்கயம் தம்பி, உங்க போர்டு விசயம். ரீசெட் அடிச்சதுக்கப்பறமும் லோகோலயே நிக்கறது, அழிச்ச படம் ரீஸ்டார்ட் பண்ணுனா திரும்ப வர்றது, தானா ஆஃப் ஆகி ஆன் ஆகறது, இப்படி ஏதாச்சும் இருந்தா மெமரி சிப்பு போகுதுன்னு நெனைக்கலாம். உங்களுக்கு அது ஒன்னுமே இல்ல. பின்மூடி மட்டும் உப்பலா இருக்குதான்னு ஒருக்கா மேசைல வெச்சு சுத்திப் பாருங்க, சுத்துச்சுன்னா பேட்டரி உப்பியிருக்குது, அத உடனே மாத்திருங்க.

காங்கயம்_பையன்

பாத்துட்டேனுங்ணா, தட்டையாத்தான் இருக்குது. சுத்தல.