11 பழைய ஜீன்ஸ், 19 நாள், ஒரு ஜூரி: 'சஸ்டெய்னபிள் டெனிம்' என்று எழுதிக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்

பாபின்கேஸ்:

வணக்கம் எல்லோருக்கும். சென்னையில் ஃபேஷன் டிசைன் முதலாண்டு படிக்கிறேன். இந்த வருஷம் முதல் ப்ராஜெக்ட் கோடும் டெக்ஸ்சரும், சார்ட்டில் கறுப்பு மையை மட்டும் வைத்து, எப்படியோ ஒப்பேற்றிவிட்டேன். இரண்டாவது, பழைய பேப்பரை மடித்து ஒரு பாவாடை. ஃபேன் போட்டதும் பறந்ததைத் தவிர அதுவும் பரவாயில்லை. மூன்றாவதில்தான் சிக்கல். 'உடுத்தக்கூடிய ஒரு பொருள், தீம் உங்கள் இஷ்டம்' என்றார்கள், நானும் யோசிக்காமல் 'சஸ்டெய்னபிள் டெனிம்', அதாவது சுற்றுச்சூழலைக் கெடுக்காத ஜீன்ஸ் துணி, என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

சொந்தக்காரர் வீடெல்லாம் ஏறி இறங்கி 11 பழைய ஜீன்ஸ் சேர்த்தேன் (மாமா ஒருவர் கல்யாணத்துக்கு முன்னால் போட்ட பேன்ட்டை இன்னும் நம்பிக்கையோடு வைத்திருந்தார், அவருக்குத் தெரியாமல் அத்தைதான் எடுத்துக் கொடுத்தார்). சதுரம் சதுரமாக வெட்டி ஒட்டுப்போட்ட ஜாக்கெட் என்பது திட்டம். முதல் ரிவ்யூவில் மேடம் ஸ்கெட்சைப் பார்த்துவிட்டு, "பழைய துணியில் தைக்கப்போகிறாய், சரி. இதில் சஸ்டெய்னபிள் எது?" என்று கேட்டார். அங்கேயே நின்றுகொண்டிருந்தேன், பதில் வரவில்லை. இன்னும் வரவில்லை.

ஷேடு ஒன்றுக்கொன்று சேரவே இல்லை, ப்ளீச் போட்டு ஒரே மாதிரி ஆக்கலாமா? இல்லை, அவுரி நீலத்தில் முக்கி எடுத்தால் இயற்கைச் சாயம் என்று சொல்லிக்கொள்ளலாமா? கடையில் 'இகோ டெனிம்' என்று மீட்டர் கணக்கில் விற்கிறார்கள், பேசாமல் அதையே வாங்கிவிடவா? ஜூரிக்கு (ஆசிரியர்கள் உட்கார்ந்து பார்த்து மார்க் போடுகிற நாள்) 19 நாள் இருக்கிறது, கையில் 2,500 ரூபாய், ஹாஸ்டலில் ஒரு பக்கெட், ரூம்மேட்டின் தையல் மெஷின். திட்டினாலும் பரவாயில்லை, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வாஷிங்செக்‌ஷன்:

முதலில் ப்ளீச்சைக் கீழே வை தங்கச்சி. 14 வருஷமாக ஜீன்ஸ் வாஷிங்கில் இருக்கிறேன், அந்த வேலையை விட்டுத் தப்பிக்க உனக்கு வழி இருக்கும்போது நீயே தேடிப்போகாதே.

புது டெனிம் எங்களிடம் வரும்போது அட்டை மாதிரி விறைப்பாக, கருநீலமாக இருக்கும். கடையில் நீ பார்க்கிற தொடை வெளுப்பு, முட்டிக்குப் பின்னால் சுருக்கக் கோடு, எல்லாம் எங்களை மாதிரி ஆட்கள் போட்டது. பியூமிஸ் கல்லோடு டிரம்மில் சுற்றுவது ஒன்று, என்சைம் ஒன்று, உப்புத்தாளை வைத்துக் கையால் தேய்ப்பது ஒன்று, அப்புறம் நிறத்தை எடுக்கிற பர்மாங்கனேட் ஸ்ப்ரே. அடித்த இடம் முதலில் ஊதாவாகி, பழுப்பாகி, மெட்டாபைசல்பைட் தண்ணீரில் போட்டதும் வெள்ளையாகும். அந்த ஸ்ப்ரே ரூமில் பத்து நிமிஷம் மாஸ்க் இல்லாமல் நின்றால் தெரியும். அதற்கும் முன்னால் மணலைக் காற்றழுத்தத்தில் பேன்ட் மேல் அடித்தார்கள். துருக்கியில் அந்த வேலை செய்த சின்ன வயசுப் பையன்களுக்கு மணல் தூசி நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் என்கிற நோய் வந்து செத்தே போனார்கள், 2009-ல் அந்த நாடு அதைத் தடை செய்தது. அடுத்த வருஷம் லீவைஸ், எச் அண்ட் எம் கம்பெனிகள் 'நாங்களும் நிறுத்துகிறோம்' என்று அறிவித்தன. இப்போது பெரிய யூனிட்டுகளில் லேசர், ஓசோன் வந்துவிட்டது. சின்ன இடங்களில் இன்னும் உப்புத்தாள்தான்.

சரி, உன் விஷயம். டெனிமில் பாவு நூல் (நீளவாக்கில் ஓடுவது) மட்டும்தான் நீலம், ஊடை (குறுக்கே ஓடுவது) வெள்ளை. அந்தப் பாவிலும் சாயம் மேல்தோலோடு நின்றுவிடும், உள்ளே போகாது. ஒரு நீல நூலை உருவி, வெட்டி, முனையைப் பார், நடுவில் வெள்ளையாக இருக்கும். தேயத் தேய அந்த வெள்ளைதான் வெளியே வருகிறது. இப்போது மாமா பேன்ட்டின் பின் பாக்கெட்டை ஓரத்தில் இருந்து மெதுவாகப் பிரி. பாக்கெட் இருந்த இடம் மட்டும் ஐந்து மூலையாக, கடையில் வாங்கிய அன்றைய நிறத்தில் அப்படியே இருக்கும், சுற்றிலும் வெளுத்திருக்கும். அந்த வெளுப்பை மாமா பல வருஷம் உட்கார்ந்து எழுந்து உண்டாக்கியிருக்கிறார், நாங்கள் எந்த மருந்து போட்டாலும் அவ்வளவு இயல்பாக வராது. ஷேடு சேரவில்லை என்கிறாயே, எங்களிடம் ஆர்டர் கொடுக்கிற கம்பெனிகள் அதைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

மூன்றாமாண்டு_தூக்கமில்லை:

மேடம் கேட்ட கேள்வி சரியான கேள்வி, வருத்தப்படாதே. நானும் முதலாண்டில் பழைய ஜீன்ஸில் தோள்பை செய்து நல்ல மார்க் வாங்கினேன். பை இப்போது எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது, ஒரு நாள்கூட அதை மாட்டிக்கொண்டு வெளியே போகவில்லை. துணி கிழிந்த பேன்ட்டாகக் கிடந்தால் என்ன, தைத்த பையாகக் கிடந்தால் என்ன? நூல், ஜிப், லைனிங் வாங்கிய செலவுதான் மிச்சம்.

லீவைஸ் தன் 501 ஜீன்ஸ் ஒன்றின் ஆயுள் கணக்கை 2015-ல் வெளியிட்டது. பருத்தி விதைப்பதில் தொடங்கிக் கடைசியில் தூக்கிப்போடும் வரை 3,781 லிட்டர் தண்ணீர். அதில் 68 சதவீதம் பருத்திக் காட்டிலேயே போய்விடுகிறது, 23 சதவீதம் வாங்கினவர் வீட்டில் துவைப்பதில். அந்த கம்பெனியே போட்ட கணக்கு, ஒரு மாடலுக்கு மட்டும், ஆனாலும் விஷயம் பிடிபடும். மில், வாஷிங் எல்லாம் சேர்ந்தும் தண்ணீர் அளவில் கொஞ்சம்தான் (வெளியே வருகிற தண்ணீர் எந்த லட்சணத்தில் வருகிறது என்பது வேறு கதை, என்னென்ன மருந்து போடுகிறார்கள் என்று மேலே அண்ணன் சொல்லிவிட்டார்). உன்னிடம் இருக்கிற 11 பேன்ட்டுக்கும் பருத்திக் காட்டுத் தண்ணீர் எப்போதோ செலவாகிவிட்டது. நீ செய்கிற பொருள், யாரோ புதிதாக வாங்க இருந்த ஒன்றை வாங்கவிடாமல் செய்தால்தான் கணக்கில் ஏதாவது மாறும். அதனால் ஜாக்கெட்டா கோட்டா என்று முதலில் யோசிக்காதே. யார் போடப்போகிறார், வாரத்தில் எத்தனை நாள், அதிலிருந்து ஆரம்பி.

அப்புறம், 11-ஐயும் ஒரே குவியலாக வைக்காதே. வெட்டின ஓரத்தில் ஊடை நூல் ஒன்றை, வெள்ளை நூலை, உருவி முறுக்கைப் பிரித்துப் பார். உள்ளே மயிரிழை மாதிரி ஒன்று இழுத்தால் நீண்டு, விட்டால் சுருண்டுகொண்டால் அது ஸ்ட்ரெட்ச், எலாஸ்டேன். இன்னொரு நூலைத் தீயில் காட்டு. பேப்பர் எரிகிற வாசனையோடு சாம்பலானால் பருத்தி, உருகிக் குண்டுமணி மாதிரி கெட்டியானால் பாலியெஸ்டர் கலப்பு. பொருளை வீணாக்காமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்தச் சொல்கிற எல்லன் மெக்கார்த்தர் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2019-ல் ஜீன்ஸ் எப்படிச் செய்ய வேண்டும் என்று சில விதிகள் போட்டது. துணியில் 98 சதவீதமாவது பருத்தி மாதிரி செல்லுலோஸ் இழை, வீட்டில் 30 தடவை துவைத்தாலும் தாங்க வேண்டும், ரிவெட் (பாக்கெட் மூலையில் அடிக்கிற உலோகக் குமிழ்) வேண்டாம் அல்லது முடிந்தவரை குறைக்கலாம். எலாஸ்டேன் கலந்தால் திரும்ப நாராக்கி நூற்பது சிரமம் என்பதால் அந்த 98. ரிவெட்டைப் படித்ததும் சிரிப்பு வந்தது, 1873-ல் லீவை ஸ்ட்ராஸும் ஜேக்கப் டேவிஸும் காப்புரிமை வாங்கினதே அந்த ரிவெட்டுக்குத்தான்.

கடை 'இகோ டெனிம்' வேண்டாம். ஆர்கானிக் என்றால் ஜி.ஓ.டி.எஸ்., ரீசைக்கிள் என்றால் ஜி.ஆர்.எஸ். சான்றிதழ் இருக்கிறதா என்று கேள். காட்டவில்லை என்றால் அது வெறும் பெயர், மீட்டருக்கு நாற்பது ரூபாய் கூடக் கொடுக்க வைக்கிற பெயர்.

அவுரித்தொட்டி:

திண்டிவனம் பக்கம் அவுரிச் சாயம் போடுகிறேன். என் பிழைப்பில் நானே மண் அள்ளிப் போடுகிற மாதிரி இருக்கும், இருந்தாலும் சொல்கிறேன்: இதற்கு அவுரி வேண்டாம்.

முதல் காரணம், ஏற்கெனவே நீலமாக இருக்கிற துணியை எதற்கு மறுபடி நீலமாக்க வேண்டும்? இரண்டாவது, பல பேருக்குத் தெரியாதது. அவுரி இலையில் வருகிற நீலமும், 1897-ல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். விற்க ஆரம்பித்த செயற்கை நீலமும் ஒரே மூலக்கூறு. துணியில் ஏறிய பிறகு வித்தியாசம் பெரிதாக ஒன்றும் கிடையாது. வித்தியாசம் எல்லாம் எங்கிருந்து வந்தது, எதைப் போட்டுக் கரைத்தோம் என்பதில். நீலம் தண்ணீரில் கரையாது. மில்லில் காஸ்டிக் சோடாவும் ஹைட்ரோ என்கிற ரசாயனமும் போட்டுக் கரைக்கிறார்கள். நாங்கள் சுண்ணாம்பும் வேகவைத்த தகரை விதையும் போட்டு நாள்கணக்கில் புளிக்க விடுகிறோம். தொட்டி பதமானால் மேலே செம்பு நிறத்தில் ஆடை படியும், கீழே தண்ணீர் மஞ்சள் கலந்த பச்சை. துணியைப் பச்சையாகத்தான் வெளியே எடுப்போம், காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகும். எத்தனை தடவை பார்த்தாலும் அந்த ஒரு நிமிஷம் எனக்கு அலுக்கவில்லை.

ஆனால் அந்தத் தொட்டி நாறும். நாலு நாளில் உன் வார்டன் உன்னையும் பக்கெட்டையும் சேர்த்து வெளியே வைப்பார். சுண்ணாம்புத் தண்ணீர் கையையும் அரிக்கும். ஆசை இருந்தால் லீவில் இந்தப் பக்கம் வந்து பார், ஜூரிக்காகச் செய்யாதே.

கட்டிங்_மாஸ்டர்:

கண்ணு, நான் திருப்பூர். எங்கள் ஊர் பனியன் ஊர், டெனிம் துணி பெரும்பாலும் அகமதாபாத் பக்கம் இருந்துதான் வரும், ஆனால் சாயத்தண்ணீர் பற்றி எங்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். நொய்யல் ஆற்றில் பாசனத்துக்கென்று கட்டின ஒரத்துப்பாளையம் அணை சாயத்தண்ணீர்த் தேக்கமாகப் போனதைப் பார்த்தோம். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது வேலை நின்றதையும் பார்த்தோம். அதனால் பக்கெட்டில் எதையும் கலக்கிப் பாத்ரூமில் ஊற்றாதே. நான் சொல்ல வந்தது வெட்டு.

சதுரமாக வெட்டினால் பாதித் துணி பிசிறாகப் போகும். பேன்ட் கால் சதுரமாகவா இருக்கிறது? தையலைப் பிரித்து விரித்துப் பார், தொடைப் பக்கம் அகலம், கணுக்கால் பக்கம் குறுகல். உள்பாவாடைப் பட்டி அதே உருவம்தான். ஆறு பட்டிப் பாவாடையை டெய்லர் எப்படி வெட்டுவார்? ஒரு பட்டி நேராக, அடுத்தது தலைகீழாக, அகலமும் குறுகலும் பக்கத்தில் பக்கத்தில் வரும், நடுவில் துணுக்கு விழாது. அதையே செய். ஒரு காலை நேராகவும் இன்னொன்றைத் தலைகீழாகவும் வைத்து நீளவாக்கில் இணைத்தால் கிட்டத்தட்ட நீள்சதுரம் கிடைக்கும். கவட்டை வளைவு மட்டும் மிச்சப்படும், அதைப் பாக்கெட் வாய்க்கு வை. துணியைத் தலைகீழாகத் திருப்பினால் ஷேடு லேசாக மாறித் தெரியும், உனக்கு அது நல்லதுதான்.

பிரிக்கும்போது ப்ளேடால் கிழிக்காதே. உள்பக்கம் சங்கிலி மாதிரி தெரிந்தால் அது செயின் ஸ்டிச். சரியான முனையைக் கண்டுபிடித்து இழுத்தால் ஒரு கால் தையல் முழுக்க சரசரவென்று ஒரே இழுப்பில் வந்துவிடும். தவறான முனையை இழுத்தால் ஒரு அங்குலம்கூட வராது. தைக்க 16-ஆம் நம்பர் ஊசி. நாலு மடிப்பு சேருகிற இடத்தைச் சுத்தியலால் தட்டிவிட்டு வீலைக் கையால் சுற்று. ரூம்மேட் மெஷின் என்கிறாய், பாவம்.

பாபின்கேஸ்:

எல்லோருக்கும் நன்றி, எட்டு நாளாகப் பதில் போட முடியவில்லை, மன்னிக்கவும்.

மெஸ்ஸில் தராசு வாங்கி எடை போட்டேன். 11 பேன்ட் சேர்ந்து 6 கிலோ 300 கிராம். நூலை உருவிப் பார்த்ததில் ஏழு ஸ்ட்ரெட்ச், நாலுதான் முழுப் பருத்தி. ஏழில் ஐந்து இன்னும் போடுகிற நிலையில்தான் இருந்தன. அதை ஏன் வெட்டப் போனேன் என்று எனக்கே புரியவில்லை, திருப்பிக் கொடுத்துவிட்டேன். கிழிந்த இரண்டில் ஸ்க்ரீன் பிரிண்டிங் டேபிள் துடைக்கிற துணி.

ஜாக்கெட்டை விட்டுவிட்டேன் அக்கா. எங்கள் வகுப்பில் பெயின்ட்டும் கோந்தும் படுகிறது என்று எல்லோரும் மட்டமான ஏப்ரன் வாங்கி இரண்டு மாசத்தில் தூக்கிப்போடுகிறோம், அதனால் முட்டி வரைக்கும் வருகிற ஒரு வொர்க் கோட். மாஸ்டர் சொன்ன மாதிரி கால்களைத் தலைகீழாக அடுக்கிப் பேப்பரில் பேட்டர்ன் போட்டேன், நாலு பேன்ட்டும் சரியாகப் போதும், மிச்சம் விழுவது 190 கிராம்தான் வரும் போல. செயின் ஸ்டிச் முனை மூன்றாவது பேன்ட்டில்தான் பிடிபட்டது, முதல் இரண்டும் ப்ளேடு வேலை, மன்னிக்கவும் மாஸ்டர். மாமா பேன்ட்டின் பாக்கெட் தடம் முதுகில் வருகிறது. இரண்டாவது ரிவ்யூவில் மேடம் அந்தக் கருநீல இடத்தை விரலால் தடவிப் பார்த்தார், எடைக் கணக்கை ஒரு தடவை கூட்டிப் பார்த்தார், "இதை நீ திங்கட்கிழமையிலிருந்து போட்டுக்கொண்டு வா, கறையோடு ஜூரிக்குக் கொண்டுவா" என்றார். எனவே 11 நாளில் இல்லை, மூன்றே நாளில் தைத்து முடிக்க வேண்டும்.

ஒரே ஒரு கேள்வி: ரிவெட்டைத் துணி கிழியாமல் எப்படிக் கழற்றுவது? ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி ஒரு ஓட்டை போட்டுவிட்டேன்.

கட்டிங்_மாஸ்டர்:

முன்பக்கம் நெம்பினால் துணிதான் வரும். உள்பக்கம் திருப்பு, அங்கே தட்டையாக ஒரு மூடி இருக்கும். கட்டிங் ப்ளையரால் அதன் விளிம்பை இரண்டு பக்கமும் கவ்வி நசுக்கு, தண்டு தளர்ந்துவிடும், பிறகு முன்பக்கத்திலிருந்து தள்ளினால் விழும். கண்ணாடி போட்டுக்கொண்டு செய், சில நேரம் தெறிக்கும். போட்ட ஓட்டையில் பாக்கெட் மூலையை வைத்துத் தைத்துவிடு.